தோழிக்கு எழுதிக் கொடுத்த எடைக்குறைப்பு மாத்திரையை நான் சாப்பிடலாமா?

வந்த கேள்வியின் சுருக்கம் இது. கேட்டவர் 34 வயதுப் பெண். தைராய்டு குறைவுக்குத் தினமும் மாத்திரை எடுக்கிறார். தோழி ஒருவருக்கு உடல் எடை குறைய மருத்துவர் எழுதிக் கொடுத்த ஃபென்டெர்மின் 37.5 மில்லிகிராம் மாத்திரைகள் மீதி இருந்தன. அவற்றை வாங்கி 12 நாள் சாப்பிட்டிருக்கிறார். 3 கிலோ குறைந்துவிட்டது. கூடவே ராத்திரியில் நெஞ்சு படபடக்கிறது, விடிய விடியத் தூக்கமில்லை. "டாக்டர் எழுதின மருந்துதானே, ஒன்றும் ஆகாது" என்கிறாராம் தோழி. இன்னும் 3 மாதத்துக்கு இணையத்தில் வாங்கி வைத்துக்கொள்ளலாமா, அடுத்த மாதம் வெளிநாடு போகும்போது கையோடு எடுத்துப் போகலாமா, சட்டத்தில் ஏதாவது சிக்கல் வருமா என்று கேட்கிறார்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாளைக் காலை அந்த மாத்திரையைப் போடாதீர்கள். 12 நாள் எடுத்ததை நிறுத்தினால் பெரும்பாலும் கொஞ்சம் அசதி வரும், அடங்கியிருந்த பசி திரும்பி வரும், அவ்வளவுதான். தைராய்டு மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம். படபடப்போடு நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், மயக்கம், தாங்க முடியாத தலைவலி என்று எது வந்தாலும் இதைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள். அப்படி எதுவும் இல்லாவிட்டாலும் இந்த வாரத்துக்குள் உங்கள் மருத்துவரிடம் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், தைராய்டு அளவு மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் மருந்தாளுநர். மருத்துவர் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. ஆனால் மருந்துச் சீட்டைப் படிப்பதுதான் என் பிழைப்பு. அதனால் "டாக்டர் எழுதின மருந்துதானே" என்ற அந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் பிடித்துக்கொள்ளப் போகிறேன்.

தோழியின் மாத்திரை டப்பாவைக் கையில் எடுத்து லேபிளைப் பாருங்கள். மேலே அவர் பெயர். அதற்குக் கீழே மருந்தின் பெயர், அளவு. காலையில் ஒன்று. மொத்தம் 30. இந்த 30 சும்மா வந்த எண் இல்லை. 30 நாள் கழித்து நீ என் முன்னால் வந்து உட்கார வேண்டும், உன் ரத்த அழுத்தத்தை நான் பார்க்க வேண்டும், எடை குறையவில்லையென்றால் மருந்தை நிறுத்த வேண்டும் என்று மருத்துவர் எண்ணால் சொல்லியிருக்கிறார். எழுதுவதற்கு முன்னால் அவர் சில கேள்விகளும் கேட்டிருப்பார். இதய நோய் உண்டா? ரத்த அழுத்தம் உண்டா? தைராய்டு? கண்ணுக்குள் அழுத்தம் ஏறும் கிளாக்கோமா? மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கிறாயா? கர்ப்பமா? அந்தக் கேள்விகளுக்குத் தோழி சொன்ன பதில்களும் சேர்ந்துதான் அந்தச் சீட்டு. மாத்திரை உங்கள் கைக்கு வந்தபோது பதில்கள் வரவில்லை.

உங்கள் படபடப்புக்கு வருவோம். ஃபென்டெர்மின், உடம்பை முடுக்கிவிடும் ஆம்ஃபெட்டமின் குடும்பத்து மருந்து. மூளையில் நார்அட்ரினலினைக் கூட்டிவிட்டுப் பசியை அமுக்குகிறது. நாய் துரத்தும்போது யாருக்காவது பசிக்குமா? ஏறக்குறைய அந்த நிலைக்கு உடம்பைக் கொண்டுபோகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பசி போகும்; கூடவே இதயம் வேகமாக அடிக்கும், வாய் உலரும், தூக்கம் கெடும். ரத்தத்தில் இதன் அளவு பாதியாகக் குறையச் சுமார் 20 மணி நேரம் ஆகும். காலை 8 மணிக்குப் போட்டதில் பாதி மறுநாள் விடியற்காலை 4 மணிக்கும் உள்ளே இருக்கிறது. அது தீருவதற்குள் அடுத்த மாத்திரை. கணக்குப் போட்டால், நாலைந்து நாளில் ஒவ்வொரு காலையும் மாத்திரை போட்டபின் உடம்பில் இருப்பது கிட்டத்தட்ட ஒன்றேமுக்கால் மாத்திரை அளவு. இதன்மேல் உங்கள் தைராய்டு மாத்திரை. அதன் அளவு துளி கூடுதலாக இருந்தாலே இதயம் வேகமெடுக்கும். இரண்டு பேர் ஒரே வண்டியை ஒரே பக்கம் தள்ளுகிறார்கள். நடு இரவில் நீங்கள் கேட்கும் சத்தம் அதுதான்.

3 கிலோ பற்றியும் ஒரு வார்த்தை. 12 நாளில் 3 கிலோ கொழுப்பு மட்டுமே கரைய வேண்டுமென்றால் தினம் 1,900 கலோரி அளவுக்குப் பற்றாக்குறை இருந்திருக்க வேண்டும். அது பட்டினிக்குச் சமம். குறைந்ததில் நல்ல பங்கு தண்ணீராகத்தான் இருக்கும்.

எடைக்கருவியை நம்ப வைப்பது பழைய வித்தை. அமெரிக்காவில் 1940களிலிருந்து 60கள் வரை 'வானவில் மாத்திரைகள்' என்று ஒரு வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது. எடைக்குறைப்பு மருத்துவமனைகளில் ஆளுக்கு ஒரு வண்ணக் கலவை கொடுப்பார்கள், தனக்கென்றே தயாரித்த மருந்து என்று நோயாளி நினைத்துக்கொள்வார். உள்ளே இருந்தது என்னவோ ஆம்ஃபெட்டமின், தைராய்டு ஹார்மோன், நீர் பிரியும் மருந்து, பேதி மருந்து, இதயத்துக்கான டிஜிட்டாலிஸ், இத்தனையும் கிளப்பிவிடும் படபடப்பை மறைக்க ஒரு தூக்க மருந்து. சாவுகள் வெளியே வந்த பிறகு 1968இல் அந்நாட்டு செனட்டில் விசாரணை நடந்தது. பழைய கதை என்று நினைக்காதீர்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு பெண்மணி ஒரு சிறிய பிளாஸ்டிக் பையை என் மேசைமேல் வைத்து "இதில் எது எதுக்கு என்று சொல்லுங்கள்" என்றார். ஐந்து நிறத்தில் மாத்திரைகள். பெயரும் இல்லை, அட்டையும் இல்லை. ஏதோ ஒரு எடைக்குறைப்பு மையத்தில் கொடுத்தார்களாம். ஒரே ஒரு மாத்திரையை மட்டும் அதன்மேல் பொறித்த எழுத்தை வைத்து அடையாளம் கண்டேன். நீர் பிரியும் மாத்திரை. அவருக்குக் கெண்டைக்கால் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. பொட்டாசியம் அளவை அன்றைக்கே பார்க்கச் சொல்லி அனுப்பினேன்.

இப்போது மருத்துவர் முறையாகவே எழுதிக்கொடுத்து, நோயாளி முறையாகவே சாப்பிட்டு, அப்படியும் கெட்டுப்போன கதை ஒன்று சொல்கிறேன். ஃபென்டெர்மினுக்கு அமெரிக்காவில் 1959இல் அனுமதி கிடைத்தது. ஃபென்ஃப்ளூரமின் என்ற இன்னொரு மருந்துக்கு 1973இல். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் குறைந்த அளவிலேயே நன்றாக வேலை செய்கிறது என்று 1992இல் ஒரு ஆய்வு வந்தது. அவ்வளவுதான், 'ஃபென்-ஃபென்' பித்துப் பிடித்துக்கொண்டது. 1996இல் மட்டும் 1 கோடியே 80 லட்சம் சீட்டுகளுக்கு மேல். கவனியுங்கள், தனித்தனியாக அனுமதி உண்டு, சேர்த்துக் கொடுக்க அனுமதி ஒருநாளும் வாங்கப்படவில்லை. அனுமதிக்கப்பட்ட மருந்தை வேறு விதமாக எழுத மருத்துவருக்கு அங்கே சட்டம் இடம் கொடுக்கிறது. அந்த இடத்தில்தான் இத்தனையும் நடந்தது.

1997 ஜூலையில் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை மருத்துவர்கள் 24 பெண்களைப் பற்றிச் சொன்னார்கள். இந்த ஜோடி மருந்தை எடுத்தவர்கள், இதய வால்வு தடித்து ஒழுகிக்கொண்டிருந்தது. அப்புறம் மருந்து எடுத்த 291 பேருக்கு எக்கோ (ஒலியலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் பரிசோதனை) எடுத்துப் பார்த்ததில் சுமார் 30 சதவீதம் பேருக்கு வால்வில் கோளாறு. அவர்களில் பெரும்பாலோருக்கு உடம்பில் எந்தத் தொந்தரவும் தெரிந்திருக்கவில்லை. பின்னால் நடந்த ஆய்வுகளில் இந்த விகிதம் இவ்வளவு பெரிதாக வரவில்லை, ஆனால் பாதிப்பு உண்மை என்பது உறுதியானது. செப்டம்பரிலேயே ஃபென்ஃப்ளூரமினும் அதன் உடன்பிறப்பான டெக்ஸ்ஃபென்ஃப்ளூரமினும் சந்தையிலிருந்து போய்விட்டன. இந்த வகை மருந்துகளை 3 மாதத்துக்கு மேல் எடுத்தவர்களுக்கு நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறும் கொடிய நோய் 20 மடங்குக்கு மேல் கூடுகிறது என்று முந்தைய வருடமே ஓர் ஐரோப்பிய ஆய்வு எச்சரித்திருந்தது. வழக்குகளுக்காகத் தயாரிப்பு நிறுவனம் ஒதுக்க வேண்டியிருந்த தொகை 2,000 கோடி டாலருக்கு மேல்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். வால்வைக் கெடுத்தது ஃபென்ஃப்ளூரமின். நீங்கள் சாப்பிட்ட ஃபென்டெர்மின் அன்றைக்குத் திரும்பப் பெறப்படவில்லை, அமெரிக்காவில் இன்றும் விற்பனையில் இருக்கிறது. 12 நாளில் உங்கள் வால்வு போயிருக்கும் என்று பயந்து இன்னொரு ராத்திரியைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்தக் கதையின் கடைசிப் பகுதிதான் எனக்குப் பிடித்தது. அதே ஃபென்ஃப்ளூரமின் 2020இல் திரும்பி வந்தது. எடைக்காக இல்லை, டிராவே என்ற கடுமையான குழந்தைப் பருவ வலிப்பு நோய்க்கு, குறைந்த அளவில். தொடங்கும் முன் எக்கோ, 6 மாதத்துக்கு ஒருமுறை எக்கோ, நிறுத்திய பிறகும் ஒரு எக்கோ. இதற்கெனப் பதிவு செய்துகொண்ட மருத்துவரும் மருந்துக்கடையும் மட்டுமே கொடுக்கலாம் என்ற நிபந்தனையோடு அமெரிக்காவில் அனுமதித்தார்கள். மூலக்கூறு மாறவில்லை. கண்காணிப்பு மட்டும் கூடியிருக்கிறது. சீட்டு என்பதை நான் எந்தப் பொருளில் சொல்கிறேன் என்று இதைப் பார்த்தால் தெரியும்.

பிரான்சில் நடந்தது இன்னும் மோசம். பென்ஃப்ளூரெக்ஸ் என்ற மருந்தை 'மீடியாத்தோர்' என்ற பெயரில் செர்வியே நிறுவனம் 1976இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. காகிதத்தில் அது நீரிழிவு நோயாளிகளுக்கானது. நடைமுறையில் மருத்துவர்கள் பசியைக் குறைக்கவும் எழுதிக்கொண்டிருந்தார்கள். உடம்புக்குள் போனால் அது ஃபென்ஃப்ளூரமின் உடைந்து உண்டாகும் அதே பொருளாகத்தான் மாறுகிறது. உலகம் 1997இல் கற்ற பாடம் அங்கே 12 வருடம் காத்திருந்தது. பிரெஸ்ட் நகரத்து நுரையீரல் மருத்துவர் இரேன் ஃப்ராஷோன் விடாமல் துரத்திய பிறகு 2009இல் விற்பனை நின்றது. அதற்குள் சுமார் 50 லட்சம் பேர் சாப்பிட்டிருந்தார்கள். 2021 மார்ச்சில் பாரிஸ் நீதிமன்றம் ஏமாற்று, அலட்சியத்தால் மரணம் விளைவித்தது ஆகிய குற்றங்களில் நிறுவனத்துக்கு 27 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. நடவடிக்கை எடுக்காமல் காலம் கடத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் 3 லட்சத்து 3 ஆயிரம் யூரோ அபராதம். காவல்காரனுக்கே அபராதம் விழுந்தது மருந்து உலகில் அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை.

சந்தையிலிருந்து போன மற்ற எடைக்குறைப்பு மருந்துகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சிபுட்ரமின், மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவதால் 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் போனது. ரிமோனபான்ட், மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வந்ததால் ஐரோப்பாவில் இரண்டே வருடத்தில் நின்றது. லார்காசெரின், 12,000 பேரை 5 வருடம் தொடர்ந்து பார்த்ததில் புற்றுநோய் சற்றுக் கூடியதால் (7.7 சதவீதம், போலி மாத்திரை எடுத்தவர்களில் 7.1) 2020இல் திரும்பப் பெறப்பட்டது. இவ்வளவு சின்ன வித்தியாசம் எந்தத் தோழிக்கும் தெரிய வராது, எந்த மருத்துவர் கண்ணிலும் தனியாகப் படாது.

அதற்காக எல்லா எடைக்குறைப்பு மருந்தும் விஷம் என்று சொல்ல வரவில்லை. உடல் பருமன் நோய்தான், மருந்து தேவைப்படுகிறவர்கள் உண்டு. செமாகுளுடைட் ஊசியைப் போட்டுக்கொண்டவர்களுக்கு, ஏற்கெனவே இதய நோய் இருந்தவர்களுக்கு, மாரடைப்பு போன்ற நிகழ்வுகள் 20 சதவீதம் குறைந்ததாக 2023இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. எடைக்குறைப்பு மருந்துகளின் சரித்திரத்தில் இதயத்தைக் காப்பாற்றியது என்று சொல்ல முதல்முறை வாய்த்தது என்பதே அங்கே செய்தி. ஆனால் யாருக்கு? பொதுவாக உடல் நிறை குறியீட்டெண் (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது) 30க்கு மேல் இருப்பவர்களுக்கு, அல்லது 27க்கு மேல் இருந்து நீரிழிவு, ரத்த அழுத்தம் போன்ற தொல்லையும் இருப்பவர்களுக்கு. உங்கள் எண் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. முதலில் அதைக் கணக்கிடுங்கள்.

ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேலி உண்டு. ஃபென்டெர்மினோடு டோபிரமேட் என்ற வலிப்பு மருந்து சேர்ந்த மாத்திரை கருவிலிருக்கும் குழந்தைக்கு உதட்டுப் பிளவு வரச் செய்யலாம், அதனால் கர்ப்பப் பரிசோதனை செய்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். நால்ட்ரெக்ஸோனும் பூப்ரோபியானும் சேர்ந்த மாத்திரை வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆகாது, மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலிநிவாரணி எடுப்பவர்களுக்கும் ஆகாது. ஆர்லிஸ்டாட் உணவுக் கொழுப்பில் சுமார் 30 சதவீதத்தை உடம்பில் சேரவிடாமல் வெளியே தள்ளும் (உள்ளாடை வரை, மன்னிக்கவும், ஆனால் அது யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம்). உங்களைப் போல தைராய்டு குறைவுக்கு லெவோதைராக்சின் மாத்திரை எடுப்பவர்கள் இரண்டுக்கும் நடுவில் 4 மணி நேரம் விட வேண்டும், இல்லையென்றால் தைராய்டு மருந்தும் அதோடு போய்விடும்.

இனிச் சட்டம். 1971ஆம் வருடத்து ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை ஒன்று மனத்தின்மேல் வேலை செய்யும் பொருட்களை நான்கு பட்டியலாகப் பிரிக்கிறது. ஃபென்டெர்மின் நான்காவது பட்டியலில் இருக்கிறது. அதாவது இது சாதாரண மாத்திரை இல்லை, கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. தூக்க மாத்திரைகள் பலவும் அதே பட்டியல்தான். ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தில் இதைத் தன் பாணியில் எழுதிக்கொள்கிறது. தண்டனையும் அதற்கேற்ப மாறும். அமெரிக்காவில் இந்த வகை மருந்து டப்பாவின்மேல் ஒரு வரி கட்டாயம் இருக்கும்: யாருக்கு எழுதப்பட்டதோ அவரைத் தவிர வேறு எவருக்கும் இதைக் கைமாற்றுவதைச் சட்டம் தடை செய்கிறது என்று. காசு வாங்காமல் கொடுத்தாலும் கைமாற்றியது கைமாற்றியதுதான். ஆக உங்கள் தோழி நல்ல மனத்தோடு செய்தது அவரைத்தான் அதிகம் மாட்டிவிடும். உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தால் போலீஸ் கேட்கும் முதல் கேள்வி மாத்திரை எங்கிருந்து வந்தது என்பதுதான்.

இணையத்தில் வாங்குவது பற்றி. சீட்டைக் கேட்டுச் சரிபார்த்து அனுப்பும் உரிமம் பெற்ற மருந்துக்கடைகள் உண்டு, அவை வேறு. சீட்டே வேண்டாம், நாலு கேள்விக்குப் பதில் சொன்னால் போதும், கூரியரில் வந்துவிடும் என்கிற இடத்தில் இரண்டு ஆபத்து. ஒன்று, கட்டுப்படுத்தப்பட்ட மருந்தை எல்லை தாண்டி வரவழைத்தவர் என்று சுங்கத்தில் பதிவாவது உங்கள் பெயரும் முகவரியும்தான். விற்றவர் யாரென்று யாருக்கும் தெரியாது. இன்னொன்று, உள்ளே என்ன இருக்கிறது என்பது. 2023இல் ஆஸ்திரியாவில் செமாகுளுடைட் என்று நம்பிப் போட்டுக்கொண்ட ஊசியால் சர்க்கரை அடியோடு இறங்கி, வலிப்பு வந்து மருத்துவமனைக்குப் போனார்கள். போலி ஊசியில் இருந்தது இன்சுலின் என்றே அங்குள்ள அதிகாரிகள் கருதினார்கள். தடை செய்யப்பட்ட சிபுட்ரமின் இன்றுவரை 'நூறு சதவீதம் மூலிகை' என்று எழுதிய கேப்சூல்களுக்குள் பிடிபட்டுக்கொண்டே இருக்கிறது.

எல்லாவற்றையும்விட பயங்கரம் டைநைட்ரோஃபீனால். வெடிமருந்துத் தொழிற்சாலையில் புழங்கிய மஞ்சள் பொடி. 1933இல் இதை எடை குறைக்கப் பயன்படுத்தலாம் என்று எழுதினார்கள். உடம்பின் அடுப்பை அணைக்க முடியாதபடி ஏற்றிவிடுகிறது. காய்ச்சல் ஏறிக்கொண்டே போகும், அதற்கு முறிமருந்து கிடையாது. கண்புரை வந்து பலர் பார்வை இழந்தார்கள், சிலர் இறந்தார்கள், 1938இல் அமெரிக்காவில் ஒழிக்கப்பட்டது. ஆனால் இணையம் அதை உயிர்ப்பித்துவிட்டது. 2015இல் இங்கிலாந்தில் 21 வயது மாணவி ஒருவர் இணையத்தில் வாங்கிச் சாப்பிட்டு இறந்தார். விற்றவர்மேல் அலட்சியத்தால் மரணம் விளைவித்ததாக வழக்கு நடந்து, மேல்முறையீடு, மறுவிசாரணை எல்லாம் ஆகி, 2020இல் 7 வருடச் சிறை கிடைத்தது.

பயணத்துக்கு வருவோம். உங்கள் பெயரில் சீட்டு இல்லாத கட்டுப்படுத்தப்பட்ட மருந்தைப் பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறாதீர்கள். ஒரு மாத்திரைகூட வேண்டாம். நாளைக்கு உங்கள் பெயரிலேயே சீட்டு வாங்கினாலும், போகும் நாட்டில் அதற்கு அனுமதி உண்டா என்று அந்த நாட்டுத் தூதரகத்திடம் முன்பே எழுதிக் கேளுங்கள். உங்கள் ஊரில் சட்டப்படி சரியாக இருப்பது அங்கே குற்றமாக இருக்கலாம். அசல் டப்பா, சீட்டின் நகல், தங்கும் நாட்களுக்கு மட்டும் மாத்திரை. வேலைக்காகப் போகிறீர்கள், அங்கே சிறுநீர்ப் பரிசோதனை உண்டு என்றால் இன்னொரு தொல்லை: முதல்கட்டப் பரிசோதனையில் ஃபென்டெர்மின் ஆம்ஃபெட்டமின் போலவே காட்டக்கூடும். சீட்டு உள்ளவர் அதைக் காட்டி மேற்கொண்டு சோதிக்கச் சொல்லலாம். நீங்கள் எதைக் காட்டுவீர்கள்? விளையாட்டுப் போட்டியில் கலந்துகொள்பவர்களுக்கு இது போட்டி நேரத்தில் தடைப்பட்டியலில் இருக்கும் மருந்து என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நஷ்ட ஈடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். முறையாக எழுதி வாங்கிய மருந்தால் பாதிப்பு வந்தால், எச்சரிக்கை சொன்னார்களா, தேவையான பரிசோதனை செய்தார்களா என்று மருத்துவரையும் நிறுவனத்தையும் கேட்க ஒரு வழி இருக்கிறது. அதற்குச் சீட்டு, ரசீது, அட்டையில் உள்ள தொகுதி எண், எக்கோ அறிக்கை எல்லாம் வேண்டும். ஃபென்-ஃபென் வழக்கில் இழப்பீட்டுக்கு மனுப் போட்டவர்கள் தேடி அலைந்ததும் இந்தக் காகிதங்களைத்தான். இரவல் வாங்கிய மாத்திரைக்கு இதில் எதுவும் இருக்காது.

அதனால் மீதி மாத்திரைகளைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், தோழியிடமும் இப்போதைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். டப்பாவோடு உங்கள் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். எத்தனை நாள், எத்தனை மணிக்குப் போட்டீர்கள், படபடப்பு எந்த நாளில் தொடங்கியது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். திட்டுவார் என்று தயங்காதீர்கள். தைராய்டு அளவைப் பார்த்து உங்கள் மருந்தை மாற்றலாமா என்று அவர் முடிவெடுக்கப் போகும் நேரத்தில் இந்த 12 நாளை நீங்கள் மறைத்தால், படபடப்புக்குக் காரணம் தைராய்டு மாத்திரைதான் என்று நினைத்து அதைக் குறைத்துவிடுவார். பார்த்து முடித்ததும் மிச்சத்தை எப்படி ஒழிப்பது என்று அவரிடமோ மருந்துக்கடையிலோ கேளுங்கள். கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் பல நாடுகளில் ஏற்பாடு இருக்கிறது.